இடது மூலைக்காரன்

டீ நன்றாக இருந்தது, ஐயா. கண்ணாடி கிளாஸில் டீ குடித்து வெகு நாளாயிற்று. நான் வழக்கமாகக் குடிக்கிற கடையில் எங்கள் ஆட்களுக்கென்று தனியாகத் தகரக் குவளை தொங்கும். குடித்துவிட்டு நாமே கழுவிக் கவிழ்த்துவிட்டு வர வேண்டும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. ரைட்டர் ஐயா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார், எங்கிருந்தாவது ஆரம்பிக்க வேண்டுமே என்று சொன்னேன்.

போன வெள்ளிக்கிழமை உத்திரமேரூர் ஏரியில் செத்துப்போன வரதனைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். அதற்கு முன்னால் சடுகுடுவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. அது தெரியாமல் எழுதினால் தப்பாகிவிடும். கிராம முன்சீப் ரிப்போர்ட்டில் ஏற்கெனவே ஒரு தப்பு ஏறிவிட்டது. அதைத் திருத்தத்தான் ஐந்து மைல் நடந்து ஸ்டேஷனுக்கு வந்தேன்.

ஒரு பக்கத்துக்கு ஏழு பேர், ஐயா. எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருவன் ஒரே மூச்சில் பாடிக்கொண்டு நடுக்கோட்டைத் தாண்டி வருவான். நம்மில் யாரையாவது தொட்டுவிட்டு, மூச்சு அறுவதற்குள் திரும்பக் கோட்டைத் தொட வேண்டும். தொட்டால் அவன் கெட்டிக்காரன், தொடப்பட்டவன் அவுட். மூச்சு அறும் வரை நாம் அவனைப் பிடித்து வைத்துக்கொண்டால் அவன் அவுட். இவ்வளவுதான் ஆட்டம். ஆனால் கூட்டம் பார்ப்பது பாடுகிறவனைத்தான். அவன் தொடை தட்டுவதற்குக் கைதட்டு, அவன் துள்ளுவதற்கு விசில். பிடிக்கிறவன் பிடிக்கும் வரை சும்மா நிற்கிறவன்தானே, அவனிடம் பார்க்க என்ன இருக்கிறது.

நான் நிற்பது இடது மூலை. எனக்கு மூலை கிடைத்த கதை வேடிக்கையாக இருக்கும். நான்கு வருஷத்துக்கு முன்னால் முத்துகிருஷ்ணன் வீட்டு நிலத்தில் அறுப்புக்குப் போயிருந்தேன். எங்கள் ஊர்க் கட்சிக்கு அவர்தான் கேப்டன். கட்டவிழ்த்துக்கொண்டு ஓடிய காளைக்கன்று ஒன்றை நான் பின்னங்காலைப் பிடித்து நிறுத்தினேன். அவர் வரப்பில் நின்று பார்த்தார். அவர்களுடைய ஏழாவது ஆள் காமாலையில் படுத்துக் கிடந்த சமயம்.

"டேய், சாய்ங்காலம் மைதானத்துக்கு வா" என்றார்.

போனேன். அங்கே ஒரு சங்கடம். பிடிக்கிற பக்கத்தில் நிற்பவர்கள் இரண்டிரண்டு பேராகக் கைகோத்துச் சங்கிலி போட்டு நிற்க வேண்டும். என்னோடு யார் கை கோப்பது. எல்லோரும் மண்ணைக் காலால் கிளறிக்கொண்டு நின்றார்கள். முத்துகிருஷ்ணன்தான் வழி கண்டுபிடித்தார்.

"நீ கைகோக்க வாணாம்டா. அந்த இடது மூலைல தனியா நின்னுக்கோ. இன்னா, புரிஞ்சிதா?"

மற்ற ஆறு பேருக்கு மூன்று ஜோடி. சரியாக வந்துவிட்டது. எல்லோருக்கும் மூச்சு வந்தது, எனக்கும்தான்.

அவர்கள் அறியாமல் செய்தது என்னவென்றால், ஐயா, மூலையில் இரண்டு கையும் சும்மா இருக்கிற ஒருவனை நிறுத்திவிட்டார்கள். பாடி வருகிறவன் ஜோடிகளைப் பார்ப்பான். தனியாக நிற்கிற என்னைப் பார்ப்பான். இளைத்தவன் என்று நினைத்து என் பக்கமே வருவான். நான் அவன் முகத்தைப் பார்க்க மாட்டேன். முகம் பொய் சொல்லும், தோள் பொய் சொல்லும். காலை மட்டும் பார்ப்பேன். குதிகால் எப்போது மண்ணை விட்டு எழும்புகிறது, பெருவிரல் எந்தப் பக்கம் அழுந்துகிறது என்று பார்த்துக்கொண்டு, கைகளைத் தொங்கவிட்டு, தூங்குகிறவனைப் போல நிற்பேன். வருகிற காலைப் பிடிக்கக் கூடாது. அதில் உதை இருக்கிறது. தொட்டுவிட்டுத் திரும்புகிறான் பாருங்கள், அந்தப் போகிற காலைக் கணுக்காலோடு பிடிக்க வேண்டும். பிடித்த பிறகு நம் பக்கம் இழுக்கக் கூடாது. அவன் போகிற பக்கமே கூடப் போக வேண்டும். இழுத்தால் அவனுக்கு ஒரு பிடிமானம் கிடைத்துவிடும். கூடவே போனால் அவனுக்கு எதை எதிர்ப்பது என்று தெரியாது. பலம் தேவையில்லை, பொறுமைதான் வேண்டும். அது என்னிடம் நிறைய இருக்கிறது.

நான் காலைப் பிடித்த மறு நொடி முத்துகிருஷ்ணன் ஓடிவந்து அவன் முதுகின் மேல் விழுவார். மைக்காரர், "முத்துகிருஷ்ணன் பிடி, முத்துகிருஷ்ணன் பிடி" என்பார். மாலை அவர் கழுத்தில் விழும். அவர் கெட்டவரில்லை. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையாகவும் சாவு வீட்டில் பிணமாகவும் இருக்க ஆசைப்படுவார்களே, அந்த ரகம், அவ்வளவுதான். மூன்று வருஷத்தில் பதினோரு கோப்பை வாங்கினோம். காஞ்சிபுரத்தில் ஒரு ஸ்டூடியோவில் படம் எடுத்துக்கொண்டார்கள். அன்றைக்கு என்னை அவர் வீட்டு நெல் தூற்றுகிற வேலைக்கு விட்டிருந்தார்கள். படம் அவர் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது, ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். ஆறு பேர் நிற்கிறார்கள். ஏழாவது ஆள் எங்கே என்று இதுவரை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

வரதனை நான் முதலில் பார்த்தது காஞ்சிபுரத்தில், இரண்டு வருஷத்துக்கு முந்தி சித்திரையில். ஐயங்கார்குளத்துக்காரன். சொந்த நிலம் உள்ள குடும்பம். அந்த ஊர்ப் பெரிய குளத்தில் நீந்தி வளர்ந்தவன், மூச்சு அப்படி. அன்றைக்கு வந்த மூன்று தடவையும் எங்களில் ஒவ்வொருவரைத் தொட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போனான். நான்காவது தடவை என் பக்கம் வந்தான். என்னைத் தொட்டான். திரும்பினான். பிடித்தேன். இரண்டு ஆள் நீளத்துக்கு என்னை இழுத்துக்கொண்டு போனான், ஐயா, முழங்கை இரண்டும் தோல் உரிந்தது, ஆனால் நான் விடவில்லை. நடுக்கோட்டுக்கு ஒரு சாண் இருக்கும்போது மூச்சு அறுந்தது. முத்துகிருஷ்ணன் வந்து மேலே விழுந்தார். மைக்காரர் அவர் பெயரைச் சொன்னார்.

ஆட்டம் முடிந்து, கொட்டகைக்குப் பின்னால் யாரோ ஊற்ற, நான் கை குவித்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். வரதன் நொண்டிக்கொண்டு வந்து என் எதிரில் மண்ணில் உட்கார்ந்தான். வலது காலை நீட்டினான். கணுக்காலில் நான்கு விரல் தடம் சிவந்திருந்தது.

"இது யார் பிடின்னு எனுக்குத் தெரியாதா? மேல வியுந்தவன் பேரைச் சொல்லிக்கினு கீறானுங்க. ஒம் பேரு இன்னா?"

"அருள்தாஸுங்க."

"அருளு, என் கண்ணைக் கட்டிட்டு நூறு பேரைப் பிடிக்கச் சொன்னாலும் உன் பிடி இன்னான்னு நான் சொல்லிடுவேன். இந்த ஜில்லாவுல நான் பயப்படற ஒரே ஆளு நீதான்."

என்னை ஊரில் 'டேய்' என்பார்கள், மைதானத்தில் 'மூலை' என்பார்கள். என் அம்மா போன பிறகு 'அருளு' என்று கூப்பிட ஆள் கிடையாது. பெண்டாட்டி பிள்ளை இல்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன், ஐயா, வேறொன்றுமில்லை.

வரதனின் அக்கா கோவிந்தம்மாளை உத்திரமேரூரில்தான் கொடுத்திருக்கிறது. ஏரிக்கரை ஓரத் தெருவில் வீடு. அதற்கப்புறம் வெள்ளிக்கிழமை தவறாமல் அக்காவைப் பார்க்க வருகிறேன் என்று சைக்கிளில் வந்துவிடுவான். காலையில் மதகுப் படிக்கட்டில் நாங்கள் சந்திப்போம். அவனுக்கு மூச்சை இன்னும் கூட்ட வேண்டும் என்று ஆசை. பிடிபட்ட பிறகும் பாட்டு அறாமல் கோடு வரைக்கும் இழுத்துக்கொண்டு போகிற மூச்சு வேண்டும். அதற்கு ஒரு பழக்கம் கண்டுபிடித்தான். மதகுப் படியில் தண்ணீருக்கடியில் ஒரு இரும்பு வளையம் இருக்கிறது. அவன் தலைகீழாக முங்கி அதைப் பிடித்துக்கொள்வான். நான் கழுத்தளவு தண்ணீரில் படியில் உட்கார்ந்து அவன் வலது கணுக்காலைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு எண்ணுவேன். போதும் என்றால் மற்றக் காலால் என் கையில் இரண்டு தட்டு தட்டுவான். நான் விட வேண்டும். அதுதான் எங்களுக்குள் பேச்சு.

முதல் வாரம் நாற்பது எண்ணினேன். போன மார்கழியில் எண்பத்திரண்டு. மேலே வந்து தலையை உதறிக்கொண்டு சிரிப்பான்.

"விட்டா சாவடிச்சிடுவ போலக் கீதே. நல்லாப் பிடிக்கிற, நைனா."

நான் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கூப்பிடச் சொல்வான். எனக்கு வராது. 'இன்னாங்க' என்றுதான் சொல்வேன். அவன் கொண்டுவரும் நாஷ்டாவை இரண்டு பேரும் ஒரே இலையில் சாப்பிட்டிருக்கிறோம், யாரும் பார்க்காத இடமாக உட்கார்ந்து. இது வாக்குமூலத்துக்குத் தேவையா என்று தெரியவில்லை, எழுதிக்கொள்ளுங்கள். வாரம் முழுக்க நான் தொடுவது மண், கதிர், மாடு. கூலியைக்கூடத் துண்டில் போடுவார்கள். ஒரு வெள்ளிக்கிழமைக்கும் இன்னொரு வெள்ளிக்கிழமைக்கும் நடுவில் நான் தொட்ட மனுஷ உடம்பு அந்த ஒரு கணுக்கால்தான். சனிக்கிழமை காலையிலேயே அடுத்த வெள்ளிக்கு எத்தனை நாள் என்று பார்க்க ஆரம்பித்துவிடுவேன்.

போன வெள்ளிக்கிழமை அவன் புதுச் சட்டையில் வந்தான். படியில் உட்கார்ந்ததும் சொன்னான்.

"அருளு, பெரம்பூர்ல ரயில்வேல எடுத்துக்கினாங்க. திங்கக்கெயம போய்ச் சேரணும். ரயில்வே டீமுக்கு ஆடணும்."

"அப்போ வெள்ளிக்கெயம வரமாட்டீங்களா?"

"எங்க வர்றது? லீவு கெடச்சா பார்க்கலாம். நீ ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கினு கீற? அங்க போய் உன்னப் பத்திச் சொல்றேன்."

சொல்லியிருப்பான், ஐயா. பொய் பேசுகிறவனில்லை. ஆனால் பெரம்பூரில் சொல்வான், பெரம்பூர்க்காரர்கள் கேட்டுக்கொள்வார்கள். நான் இங்கே முத்துகிருஷ்ணனுக்கு முன்னால் காலைப் பிடித்துக்கொண்டிருப்பேன். அங்கே மூலைக்காரர்கள் இருக்க மாட்டார்களா. வந்தவாசியிலிருந்தும் மதுரையிலிருந்தும் வந்திருப்பார்கள். கண்ணைக் கட்டினாலும் அவர்கள் பிடியும் அவனுக்குத் தெரிந்துபோகும். நான் கோபப்படவில்லை. இதையெல்லாம் அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் நிதானமாக யோசித்தேன்.

"கடசியா ஒரு வாட்டி பிடி. இன்னிக்கு நூறு எண்ணணும், ஆமா" என்று சொல்லிவிட்டு முங்கினான்.

பிடித்தேன். எண்ணினேன். தண்ணீர் அன்றைக்குச் சில்லென்று இருந்தது, மதகுக்கு அந்தப் பக்கம் அல்லி நிறையப் பூத்திருந்தது. எழுபத்தொன்பதில் மற்றக் காலால் தட்டினான்.

இந்த இடத்தை ரைட்டர் ஐயா கவனமாக எழுத வேண்டும். விடுவதற்கு இரண்டு தட்டு என்பது பேச்சு. அவன் இரண்டோடு நிறுத்தியிருந்தால் நான் விட்டிருப்பேன். மூன்றாவதும் தட்டினான், நான்காவதும் தட்டினான். அதற்கு மேல் கணக்கில்லாமல் தட்டினான். அது எங்கள் பேச்சில் இல்லாதது. தவிர நூறு என்று அவன்தான் சொல்லியிருந்தான். எண்பதுதான் ஆகியிருந்தது.

வளையத்தை விட்டுவிட்டு வளைந்து மேலே வரப் பார்த்தான். நான் இழுக்கவில்லை. அவன் போன பக்கமே நானும் இரண்டு படி இறங்கினேன். அவன் வலப்பக்கம் புரண்டான், நானும் புரண்டேன். அவன் கை ஒரு தடவை என் மணிக்கட்டில் பட்டது. என் விரல்களைத் தடவிப் பார்த்தது. அப்புறம் விட்டுவிட்டது. யார் பிடி என்று தெரிந்துகொண்டான் என்றே நினைக்கிறேன். அது எனக்கு ஒரு ஆறுதல்.

நூறு ஆன பிறகும் நான் விடவில்லை. மைதானத்தில் விசில் ஊதும் வரை பிடியை விடக்கூடாது என்பது பழக்கம். ஏரியில் விசில் ஊத யார் இருக்கிறார்கள். நானூறு வரை எண்ணினேன். கால் என் மடியில் லேசாகிவிட்டது. அப்போதுதான் முதல் தடவையாக, "வரதா" என்று கூப்பிட்டேன். சுலபமாகத்தான் வந்தது, அவன் இருந்தபோதே கூப்பிட்டிருக்கலாம். பிறகு காலைத் தண்ணீரில் மெதுவாக விட்டேன். அது அல்லிப் பக்கமாகப் போயிற்று. நேரமாகிவிட்டதால் அறுப்புக்குப் போய்விட்டேன். அன்றைக்குப் பாதிக் கூலிதான் கொடுத்தார்கள்.

மத்தியானம் கண்டெடுத்தார்களாம். காலில் அல்லிக்கொடி சுற்றியிருந்ததாம். சாயங்காலம் அக்கா வீட்டு வாசலில் பெருங்கூட்டம். நான் உள்ளே போக முடியாது, தெருக்கோடியில் வேலியோரம் நின்றேன். முத்துகிருஷ்ணன் நடுவில் நின்று மார்பில் அடித்துக்கொண்டு எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இந்த ஜில்லாவுல எவனால வரதனைப் பிடிக்க முடிஞ்சிது? என்னத் தவிர எவன் பிடிச்சான்? கடசீல ஒரு அல்லிக்கொடி பிடிச்சிக்கிச்சே."

கூட்டம் ஆமாம் ஆமாம் என்றது. முன்சீப் அதையே எழுதிக்கொண்டார். எனக்கு அந்த நேரத்தில் வயிறு எரிந்தது, ஐயா. உள்ளதைச் சொல்கிறேன். அவன் செத்ததற்கு எரியவில்லை.

கோவிந்தம்மாள் மறுநாள் என்னைத் தேடி எங்கள் தெருவுக்கே வந்துவிட்டாள். அவர்கள் வீட்டு மனுஷி அங்கே வந்து யாரும் பார்த்ததில்லை. குடிசை வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"நீதானா அருளு? வூட்டுக்கு வந்தா உன் பேச்சுதான் பேசிக்கினு இருப்பான். நீ கிட்ட இருந்திருந்தா அவனை இழுத்துப் போட்டிருப்பியே. பெரம்பூர்ல அந்த ஆபீசரு கையில உன் பேரை எழுதிக் குடுத்துட்டு வந்துகிறான். மூலைக்கு இவனை வுட்டா ஆளு கெடையாதுன்னு சொல்லிகிறான். உன்னாண்ட சொல்லலியா? சேதி வந்தப்புறம் சொல்றேன்னு இருந்தான் போல."

சொல்லவில்லை என்றேன். உட்காரச் சொல்ல என்னிடம் பாய்கூட இல்லை. அவள் சொன்னது உண்மையாக இருக்கலாம். ஆனால் அது பெரம்பூரில் எங்கேயோ ஒரு காகிதத்தில் இருக்கிற பெயர். இங்கே ஐந்து நாளாக ஒரு கொடியின் பெயரல்லவா அடிபட்டுக்கொண்டிருக்கிறது. டீக்கடையில் கொடி, கோயில் வாசலில் கொடி, கழனியில் நடவுப் பெண்கள் வாயில் கொடி. சின்னப் பிள்ளைகளை ஏரிப்பக்கம் போகாதே, கொடி பிடித்துக்கொள்ளும் என்று மிரட்டுகிறார்கள். அல்லிக்கொடியை நான் இழுத்துப் பார்த்திருக்கிறேன், ஐயா. ஒரு குழந்தை உதறினால் அறுந்துவிடும். அது வரதனைப் பிடித்ததாம்.

அவன் கணுக்காலைத் திருப்பிப் பார்த்திருந்தால் நான்கு விரல் தடம் இருந்திருக்கும். யாரும் பார்க்கவில்லை, எரித்துவிட்டார்கள். அது யார் பிடி என்று சொல்லக்கூடியவன் ஒருத்தன்தான், அவனும் இல்லை. அதனால்தான் நானே வந்தேன். ஐயா அடித்துக் கேட்க வேண்டிய அவசியமில்லை. பணத்துக்காகச் செய்தேன், ஜாதிக் கோபத்தில் செய்தேன் என்றெல்லாம் எழுத வேண்டாம். நான் யாரையும் தேடிப் போய் அடித்தவனில்லை. என் இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். அவன் திரும்பினான். பிடித்தேன்.

அந்த ரிப்போர்ட்டில் 'அல்லிக்கொடி காலில் சுற்றி' என்று இருக்கிறதே, அந்த வரியை அடித்துவிட்டு மேலே என் பெயரை எழுதச் சொல்லுங்கள். அருள்தாஸ். இடது மூலை என்றும் பக்கத்தில் போடலாம். கைநாட்டு எங்கே வைக்க வேண்டுமோ அங்கே வைக்கிறேன். அதற்கு முன்னால் எழுதினதை ஒரு தடவை படித்துக் காட்டுங்கள். நான் இங்கே வந்தது கேட்டு வெளியே வராந்தாவில் முத்துகிருஷ்ணனும் இன்னும் நாலு பேரும் வந்து நிற்கிறார்கள், அவர்கள் காதிலும் விழட்டும். என் பெயர் வருகிற இடத்தில் மட்டும் கொஞ்சம் சத்தமாகப் படித்தால் போதும், ஐயா.